கிணறு குடித்த ஆறு

ஆற்றங்கரை நெடுக இருபத்திரண்டு கிணறுகள். இருபத்திரண்டுக்கும் அளவுக்காரி அவள் ஒருத்திதான். மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டால் வெயிலோ மழையோ, தோள்பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவாள். பைக்குள் ஓர் இரும்பு டேப், ஒரு பெட்டி சாக்பீஸ், ஒரு பழைய துணி, படிவக் கட்டு. டேப்பின் நுனியில் ஒரு முழ நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்ப்பாள். கிணற்றின் விளிம்பில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் டேப்பை வைத்து உள்ளே இறக்கி, மேலே இழுத்துப் பார்ப்பாள். வெள்ளைப் பூச்சு எதுவரை நனைந்திருக்கிறதோ அதை இறக்கிய நீளத்திலிருந்து கழித்து எழுதினால், கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்ற கணக்கு வந்துவிடும். எல்லாக் கிணற்றிலும் இரண்டு தடவை அளப்பாள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

கோபக்காரி என்று பேர் எடுத்தவள். ஒரு வீட்டுக்காரர் கிணற்றுச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சிவப்புக் கோட்டையும் சேர்த்து அடித்துவிட்டார். அவரையே தேங்காய் நாரும் தண்ணீருமாக உட்கார வைத்து, கோடு தெரிகிற வரைக்கும் தேய்க்க வைத்தாள். "சுவர் உங்களுது, கோடு என்னோடது" என்றாள். அவர் தேய்த்து முடித்து நிமிர அரை நாள் ஆனது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் கோட்டின் பக்கம் பிரஷைக் கொண்டுபோகவில்லை.

அவளுடைய அலுவலகம் ஒரு மாடிக் கட்டடம். கீழே கிணற்றுப் பிரிவு, மேலே ஆற்றுப் பிரிவு. நடுவில் பதினேழு படிகள். கீழே இருப்பவர்கள் மேலே போவது சம்பளப் பட்டியலில் பிழை வந்தால்தான். மேலே இருப்பவர்கள் கீழே வருவது டீ குடிக்கத்தான். ஆற்றுப் பிரிவுக்கும் ஓர் அளவு உண்டு. மடுவின் ஓரத்தில், தண்ணீருக்குள், கோடு போட்ட ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு காவலாளி அதைப் பார்த்து, கம்பத்தின் பூஜ்யத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு மேலே என்று எழுதிக்கொள்வார். அதாவது, கிணற்றுக்காரர்கள் மேலே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு கீழ்நோக்கி அளந்தார்கள், ஆற்றுக்காரர்கள் கீழே ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டு மேல்நோக்கி அளந்தார்கள். இரண்டு கூட்டமும் சென்டிமீட்டர் பிசகாமல் அளந்தது. இரண்டு தாளும் ஒரே மேஜையில் ஒருநாளும் சந்தித்ததில்லை.

மடுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு அந்த இடத்தில் வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் ஆளுயரத்துக்கும் மேலான ஆழம். கோடையில் ஆறு நூலாக மெலிந்து, மேலேயும் கீழேயும் வெறும் மணலாகக் கிடக்கும்போதும் அந்த மடுவில் தண்ணீர் நிற்கும். மேலிருந்து வருகிற தண்ணீரால் அது நிற்கவில்லை. கரைக்கு அடியில் மழைக்காலம் முழுக்க நிலம் குடித்து வைத்த நீர், கோடையில் மெல்ல மெல்ல மணல் வழியாக மடுவின் தரையில் ஊறி வரும். கரையோரம் இறங்கி நின்றால் முட்டி வரைக்கும் வெதுவெதுப்பு, பாதத்துக்கு அடியில் ஜில்லென்று இருக்கும். கெளுத்தியும் கெண்டையும் வெயில் காலத்தில் அந்தக் குளிர்ந்த இடத்துக்குத்தான் வந்து ஒண்டும். மட்டிச் சிப்பிகள் மணலுக்குள் பாதி புதைந்து வாயைத் திறந்து வைத்திருக்கும். மழை வந்து ஆறு ஓடத் தொடங்கினால், அந்த மடுவில் பிழைத்துக் கிடந்த உயிர்கள்தான் மேலும் கீழும் பரவி ஆறு முழுக்க நிறையும்.

அந்த மடுதான் அவளுடைய தங்கைக்குச் சோறு போட்டது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் விட்டுப்போன வீச்சுவலையை எடுத்துத் தோளில் போட்டவள் தங்கை. வலை வீசுவது ஆம்பளை வேலை என்று சொன்னவர்களை, "வாங்க, வந்து வீசிட்டு மீனைக் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியவள். அக்காவுக்குச் சளைத்தவள் இல்லை.

கோடை தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம், தங்கை காலிக் கூடையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து ஈரக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அக்கா, மடு சுடுது."

"கோடைன்னா சுடத்தான் செய்யும்."

"மேல சுடட்டும். அடியில சுடக்கூடாதுல்ல. போன கோடையிலயே ஜில்லிப்பு குறைஞ்சிருந்துச்சு, இப்பப் பத்து நாளா பாக்குறேன், காலுக்கு ஜில்லுன்னே இல்ல. மீனெல்லாம் விடியும்போதே மேல வந்து வாயைப் பிளக்குது. அந்தக் கேன் தண்ணி கம்பெனிக்காரன் போர் போட்டதுல இருந்துதான்."

கேன் தண்ணீர்க் கம்பெனி கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தகரக் கொட்டகை போட்டு, நான்கு ஆழ்துளைக் கிணறுகள் இறக்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. இன்னும் எட்டு போட அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். கொட்டகைக்கும் மடுவுக்கும் நடுவில், தண்ணீரிலிருந்து அறுபது தப்படி தூரத்தில் இருக்கிறது அவளுடைய பதினோராம் நம்பர் கிணறு. அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு அலுவலகம் பார்ப்பது அந்தக் கிணற்றின் அளவைத்தான்.

"பதினோராம் நம்பர்ல தண்ணி இறங்கலடி" என்றாள் அளவுக்காரி. "போர் போட்ட புதுசுல ஒரு சாண் இறங்குச்சு. அதுக்கப்புறம் இத்தனை மாசமா அசையவே இல்ல. கிணத்துல இருக்குற தண்ணி மடுவுக்கு வராம எங்க போயிடும்?"

"அது உன் டேப்புக்குத்தான் தெரியும்."

"என் டேப் பொய் சொல்லாது."

"அப்ப என் காலு பொய் சொல்லுதா?"

அன்று இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் பிரிந்தார்கள். அளவுக்காரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருபத்தாறு வருஷம் மழையில் நனைந்து, பாம்பைத் தாண்டி, நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டு எடுத்த அளவை ஒரு காலைக் காட்டிப் பொய் என்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடுவில் இறங்கினாள். பாதம் தரையைத் தொட்டது. குளிர்ச்சி இல்லை. நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தாள். அங்கேயும் இல்லை. கரையோரம் பச்சைப் பாசி தோல் மாதிரிப் படர்ந்திருந்தது. அந்த மடுவில் பாசியை அவள் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

அவளுடைய வீட்டுக்காரர் கொத்தனார். அதிகம் பேசாதவர். பேசினால் ஒரு கேள்விதான் கேட்பார், அதுவும் எதிராளி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டார்.

"சரி, உன் கிணத்துத் தண்ணி மேல இருக்கா, ஆத்துத் தண்ணி மேல இருக்கா?"

"கிணத்துல நாலு மீட்டர் பதினொன்னு."

"அது உன் கோட்டுல இருந்து. ஆறு?"

"அது மாடியில இருக்குறவங்களோடது. அவங்ககிட்டதான் கேக்கணும்."

"நான் மாடியையா கேட்டேன்? ரெண்டு தண்ணியில எது உசரம்னு கேட்டேன். தண்ணி உசரத்துல இருந்துதானே பள்ளத்துக்கு ஓடும்."

கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. இருபத்தாறு வருஷம், மாதம் ஒரு தடவை, தடவைக்கு இரண்டு அளவு. அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவளுக்கு முன்னால் இருந்த அளவுக்காரரும் கேட்டதில்லை, அதிகாரிகள் யாரும் கேட்டதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எது எதற்குக் கொடுக்கிறது என்று பார்க்கவில்லை. சிமெண்டுக் கரண்டி பிடிக்கிறவருக்குத் தோன்றியது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

"உங்க மட்டக்குழாய் எவ்வளவு நீளம் இருக்குங்க?"

"ஒட்டுப் போட்டா எழுபது அடி வரும்."

மட்டக்குழாய் என்றால் வேறொன்றும் இல்லை. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மறு முனையை எத்தனை தூரம் கொண்டு போனாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். சுவருக்கு மட்டம் பார்க்க எல்லாக் கொத்தனாரும் வைத்திருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பதினோராம் நம்பர் கிணற்றுக்குப் போனார்கள். சிவப்புக் கோட்டின் உயரத்தைக் கரையில் ஒரு முளை அடித்துக் குறித்தார் கொத்தனார். அங்கிருந்து சரிவில் அடுத்த முளை, அதற்குக் கீழே இன்னொன்று. ஒவ்வொரு முளைக்கும் எவ்வளவு இறங்கியது என்று பென்சிலால் கையிலேயே எழுதிக்கொண்டார். கடைசி முளை தண்ணீரின் ஓரத்தில். கூட்டிப் பார்த்தார்கள். சிவப்புக் கோட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீர் நாலு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர் கீழே. கிணற்றுத் தண்ணீர் நாலு மீட்டர் பதினொன்று கீழே.

ஆறு ஒன்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. கிணறு பள்ளத்தில் இருந்தது.

அவள் நம்பவில்லை. முளைகளையெல்லாம் பிடுங்கி, குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று ஒவ்வொரு அடியாகத் தடவிப் பார்த்து, முதலிலிருந்து அளக்க வைத்தாள். இரண்டாம் தடவையும் ஒன்பது. கொத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் பதினேழு படி ஏறினாள். மாடியில் இருந்த குமாஸ்தா, அவள் சம்பளப் பட்டியலுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து ஃபைலை எடுத்தார். கம்பத்து அளவு வேண்டும், இருபத்தாறு வருஷத்துக் கோடை மாதம் மட்டும் போதும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கீழ உள்ளவங்களுக்கு இது எதுக்கும்மா?"

"கழிச்சுப் பாக்க."

அவர் மனுஷர் நல்லவர். பழைய கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அவள் மாடி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, இடது பக்கம் தன்னுடைய தாள்கள், வலது பக்கம் ஆற்றுத் தாள்கள் என்று வைத்துக்கொண்டு கழித்தாள். கம்பத்தின் பூஜ்யம் சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவு கீழே என்பது ஞாயிற்றுக்கிழமை பார்த்த மட்டத்திலேயே தெரிந்துவிட்டது, மீதி நாலாம் வகுப்புக் கழித்தல். இருபத்தைந்து கோடையிலும் கிணற்றுத் தண்ணீர் ஆற்றை விட ஒரு சாண் உயரம். ஒரு வருஷம் இருபத்தொன்று, ஒரு வருஷம் பதினெட்டு, நல்ல மழை பெய்த வருஷம் முப்பது. நிலம் ஆற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. போர் போட்டது போன கோடைக்குக் கொஞ்சம் முன்னால். அந்தக் கோடையில் மட்டும் கணக்கு தலைகீழாக மாறியது. ஆறு உயரம், கிணறு பள்ளம்.

கிணறு ஏன் பதினாலு மாதமாக இறங்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கம்பெனிக்காரன் நிலத்திலிருந்து உறிஞ்ச, நிலம் ஆற்றிலிருந்து உறிஞ்சியது. குறைந்ததையெல்லாம் மடு நிரப்பிக் கொடுத்தது. அவள் மாதாமாதம் "மாற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நிலத்தடி நீரின் நலத்துக்கு இல்லை, மடுவின் சாவுக்கு. வராந்தாவிலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். தங்கையின் ஈரக் கால் கண் முன்னால் வந்தது.

அந்த மாதப் படிவத்தின் குறிப்புப் பத்தியில், "ஆறு கிணற்றுக்குள் போகிறது" என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. குறிப்புப் பத்தியில் கிணறு சேதமா, பூட்டியிருந்ததா என்று மட்டும்தான் எழுத வேண்டுமாம். மற்றதைத் தனி மனுவாகக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். கிணற்றுப் பிரிவு அதில் ஆறு என்ற சொல் இருப்பதைக் கண்டு மாடிக்கு அனுப்பியது. ஆற்றுப் பிரிவு அதில் கிணறு என்ற சொல் இருப்பதைக் கண்டு கீழே அனுப்பியது. மூன்று வாரம் அந்தத் தாள் பதினேழு படியை ஏறி இறங்கியது. அரசாங்கத்தில் அவளை விட அதிகமாக நடந்தது அந்த மனு ஒன்றுதான்.

புது போர்களுக்கான கள ஆய்வு என்று ஒருநாள் வைத்தார்கள். கிணற்று அதிகாரியும் ஆற்று அதிகாரியும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். விட்டால் கிடைக்காது என்று அவள் கொத்தனாரை வேலைக்குப் போகவிடாமல், முளையும் குழாயுமாகக் கரையில் நிறுத்தியிருந்தாள். கிணற்று அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். ஆற்று அதிகாரி ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தவர். குடை இல்லாமல் வெயிலில் இறங்க மாட்டார். இருவர் கையிலும் குழாயின் ஆளுக்கொரு முனையைக் கொடுத்து நிற்க வைத்தாள். கொத்தனார் முளை முளையாக அளந்து காட்டினார். இந்தத் தடவை பன்னிரண்டு சென்டிமீட்டர்.

"பாருங்க சார்" என்றாள். "தண்ணி மடுவுல இருந்து நிலத்துக்குள்ள போகுது. இருபத்தஞ்சு வருஷம் நிலத்துல இருந்து மடுவுக்கு வந்துச்சு. நாலு போருக்கே இந்தக் கதி. இன்னும் எட்டு போட்டா மடு இருக்காது."

கிணற்று அதிகாரி குழாயைக் கவனமாகப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அப்ப ஆறு கிணத்துக்குத் தண்ணி குடுக்குது. நல்லதுதானேம்மா? நிலத்துக்குள்ள தண்ணி போகணும்னு ஊர் பூரா குழி வெட்டிட்டு இருக்கோம். இங்க தானாவே போகுது."

"சார், மடு செத்துப் போயிடும். என் தங்கச்சி அதுல மீன் பிடிச்சுத்தான் பொழைக்கிறா."

"மடு எங்க பிரிவு இல்லம்மா. எனக்குக் கிணறு இறங்கக்கூடாது. இறங்கல. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவள் ஆற்று அதிகாரி பக்கம் திரும்பினாள். அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆத்துக்குள்ள மோட்டார் வெச்சு எடுத்தா நான் கேப்பேன். அவன் கரையில போர் போடுறான். அது கீழ்த்தளம்."

"தண்ணி ஒன்னுதானே சார்?"

"தண்ணி ஒன்னுதான்மா. ஆபீஸ் ரெண்டு."

கொத்தனார் குழாயைச் சுருட்டத் தொடங்கினார். அளவுக்காரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வாரம் அனுமதிக் கடிதம் போனது. அதோடு இணைத்திருந்த ஒரே ஆதாரம், போர் போட்ட நாளிலிருந்து எடுத்த பதினோராம் நம்பர் கிணற்றின் அளவு. ஒவ்வொரு தாளின் கீழும் அவள் கையெழுத்து.

எட்டு போரும் பதினெட்டு நாளில் இறங்கிவிட்டன. மடு அதற்குப் பிறகு ஐந்து வாரம் தாங்கியது. முதலில் கம்பத்தின் பூஜ்யம் வெளியே தெரிந்தது. காவலாளி அப்போதும் தினம் வந்து பார்த்து, "பூஜ்யம்" என்று எழுதிவிட்டுப் போனார். பூஜ்யத்துக்குக் கீழே எழுத அவருக்குக் கட்டம் இல்லை. பிறகு கெளுத்திகள் சேற்றில் புரண்டன. பறவைகள் வந்து நாலு நாள் திருவிழா மாதிரித் தின்றன. தங்கை மீன்களை வாளியில் முடிந்த மட்டும் அள்ளிக் கொண்டுபோய் மேலே ஒரு குட்டையில் விட்டாள், அந்தக் குட்டையும் வற்றியது. மட்டிகள் வாயைத் திறந்தபடியே காய்ந்து, மடுவின் தரை முழுக்கக் கிடந்தன. நடந்தால் காலுக்கடியில் நொறுங்கின. அளவுக்காரி ஒரு நாள் மட்டும் போய்ப் பார்த்தாள்.

தங்கை வலையைப் பரணில் ஏற்றினாள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது. வேறு வழி தெரியவில்லை. கேன் தண்ணீர்க் கம்பெனியில் கேன் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரில் நிற்கிற வேலை, கை தோல் உரியும். அக்காவிடம் சொல்லவில்லை. தெருவில் யாரோ சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. போய்ச் சண்டை போடலாமா என்று நினைத்தாள். எந்த மூஞ்சியோடு போவது?

குடிக்க ஆறு இல்லாமல் போனதும் கிணறு என்ன செய்யும்? அடுத்த மாத அளவுக்கு டேப்பை இறக்கியபோது வழக்கமான ஆழத்தில் நுனி நனையவில்லை. இன்னும் விட்டாள், இன்னும் விட்டாள். ஆறு மீட்டர் முப்பது. ஒரே மாதத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மூன்று தடவை அளந்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிணற்று அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அளவு தப்பா இருக்கும்மா. மறுபடி போய்ப் பாருங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய அளவைத் தப்பு என்று அந்த மேஜையிலிருந்து யாரும் சொன்னதில்லை. இத்தனை மாதமும் அது சரியாக இருந்தது, அவர்களுக்குச் சாதகமாக இருந்த வரைக்கும்.

"சார், அந்தக் கிணறு உங்க கண்ணு முன்னாடி ஆத்தைக் குடிச்சுது. குழாயைக் கையில குடுத்துக் காட்டினேன். குடிச்சு முடிச்சிருச்சு. இப்ப நீங்க போய் அளங்க" என்று டேப்பை மேஜை மேல் வைத்தாள். சத்தம் மாடி வரை கேட்டது என்று குமாஸ்தா பிறகு சொன்னார்.

அவர் போனார், அதைச் சொல்ல வேண்டும். சாக்பீஸ் தேய்க்கத் தெரியாமல் சட்டையெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டு, தன் கையாலேயே அளந்தார். ஆறு மீட்டர் முப்பத்தாறு. திரும்பி வந்ததும் அவர் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டும். கிணறு இறங்கிவிட்டதல்லவா, அது அவருடைய பிரிவாயிற்றே. பத்தே நாளில் உத்தரவு தயார். நிலத்தடி நீர்மட்டம் திடீரெனக் குறைந்த காரணத்தால், மறு உத்தரவு வரும் வரை பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் நிறுத்தப்படுகின்றன. இரண்டு பக்கம் இருந்தது அந்த உத்தரவு. அவள் நின்றபடியே முழுக்க வாசித்தாள். ஆறு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. மடுவும் இல்லை, மீனும் இல்லை.

"உங்க அளவாலதான்மா நின்னுச்சு" என்றார் அதிகாரி, உண்மையான சந்தோஷத்தோடு. "ஜெயிச்சிட்டீங்க. உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

"இதுல ஆத்தைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாமே சார்."

"எழுதினா மாடிக்குப் போகும்மா. ஆறு மாசம் ஆகும்."

உத்தரவின் ஒரு நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். சொல்ல வேண்டும், தங்கையிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் போனாள். இனிமேல் உறிஞ்ச மாட்டார்கள், இரண்டு மூன்று மழை போனால் நிலம் நிறையும், நிலம் நிறைந்தால் மடுவில் ஊறும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டே மிதித்தாள்.

கம்பெனி வாசலில் கேன் கழுவுகிற பெண்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள். கேட் பாதி சாத்தியிருந்தது. செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நாளையிலிருந்து யாரும் வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள். முழங்கை வரை தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது.

"நீதானாமே?" என்று கேட்டாள்.

"கிணறு இறங்கிருச்சுடி. நிறுத்திட்டாங்க. இனிமே நிலம் நிறைஞ்சா மடு…"

"எப்ப நிறையும்?"

இரண்டு வருஷமா, ஐந்து வருஷமா, அளவுக்காரிக்குத் தெரியவில்லை. எந்தத் தாளிலும் அது இல்லை.

"மடு இருந்தப்போ வந்து, காலு சுடுதுன்னு சொன்னேன். உன் தாளு எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லிச்சு. அதை நம்பித்தானே எட்டு போர் போட்டான். மடு போச்சு. சரின்னு இங்க வந்து கையை ஊற வெச்சு ரெண்டு பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கினேன். இப்ப உன் தாளு கெட்டுப்போச்சுன்னு சொல்லுது, இதுவும் போச்சு. ரெண்டு தடவையும் நீ சரியாத்தான் அளந்திருப்ப. ஒரு தடவையாவது நான் நிக்கிற இடத்துல நின்னு அளந்தியாக்கா, நான் சொன்ன அன்னைக்கே?"

கரையில் முளை அடித்ததையும், மாடி ஏறியதையும், மனு கொடுத்ததையும், அதிகாரிகளிடம் மன்றாடியதையும் அவள் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் தங்கை காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்த அந்த மத்தியானம், அவள் டேப்பின் பக்கம்தான் நின்றாள். அதுவும் உண்மை.

"இல்லடி" என்றாள். "நிக்கல."

தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து சம்பளப் பாக்கி கேட்க உள்ளே போனாள்.